அணு ராட்டினத்தில் தொங்கிய மீன்கள்

யேஜின் அம்மாவுக்கு அந்த வருடம் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அடுத்த வருடம் நவம்பர் வரைக்கும் நாங்கள் வேலை பார்த்த பூங்காவை மூடாமல் இருக்க வேண்டும். நவம்பரில் அவருக்கு அறுபது நிறையும். பணி ஓய்வு என்ற பெயரோடு வெளியே வரலாம். அதற்கு முன்னால் மூடினால், தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் நின்று வேலை கேட்க வேண்டும். "இனிமே இன்னொரு இடத்துல போயி பேரு சொல்லி, ஊரு சொல்லி, சிரிச்சுக் காட்ட என்னால முடியாது மேஸ்திரி," என்பார் என்னிடம். அதைக் குறையாகச் சொல்ல மாட்டார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்வார்.

அவர் பெயர் யோம் கிசுக். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மகள் பெயரைச் சேர்த்து யேஜின் அம்மா என்றுதான் எங்களுக்குப் பழக்கம். நான் அங்கே ராட்டின மேஸ்திரி. ஓய்வு வயது எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அந்தப் பழைய இயந்திரங்களைத் தொட வேறு ஆள் கிடைக்காததால் வருடா வருடம் ஒப்பந்தம் போட்டு என்னையே வைத்திருந்தார்கள். நல்ல வேலைக்காரன் என்பதற்காக அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சியோலில் ஒலிம்பிக் முடிந்த மறு வருடம் எங்கள் ஊரில் ஆற்றங்கரையைச் சமன்படுத்தி 'நாளை உலகம்' அறிவியல் பூங்காவைத் திறந்தார்கள். விண்வெளி மண்டபம், கடலடி நகரம், எதிர்காலச் சமையலறை, தலை குனிந்து வணக்கம் சொல்லும் தோதோரி என்ற இயந்திர மனிதன், எல்லாவற்றுக்கும் நடுவில் அணு ராட்டினம். அணுவைப் படத்தில் வரைவார்களே, நடுவில் ஓர் உருண்டை, சுற்றி வளையங்கள், அந்த மாதிரி கட்டியிருந்தார்கள். நாட்டின் பாதி ஜனம் பேருந்து பிடித்து வந்து வரிசையில் நின்றது.

அன்றைக்கு யேஜின் அம்மா இருபத்துமூன்று வயது வழிகாட்டி. ஆரஞ்சு நிறக் குட்டைப் பாவாடை, வெள்ளைக் கையுறை, சின்னத் தொப்பி. பன்னிரண்டு பக்கத்தை மனப்பாடம் செய்து ஒரு நாளைக்கு இருபது தடவை ஒப்பிக்க வேண்டும். "இரண்டாயிரத்து இருபதில் நாம் விடுமுறைக்கு நிலவுக்குச் செல்வோம். சமையல் என்ற வேலையே இருக்காது. ஒரு மாத்திரை, ஒரு வேளை உணவு." வழிகாட்டிகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். இவர் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு, மோதிரத்தைக் காலுறைக்குள் ஒளித்து, வயிற்றில் ஐந்து மாதம் ஆகும்வரை நிலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாவாடையின் கொக்கி மாட்டாமல் போன அன்றுதான் பிடிபட்டார். அப்புறம் டிக்கெட் கவுண்டர். அப்புறம் ஆட்களைக் குறைத்தபோது டிக்கெட்டோடு ஒலிபெருக்கி. இன்னும் குறைத்தபோது கழிப்பறையும் துடைப்பமும். அவர் புருஷன் லாரி ஓட்டினவர். முதுகெலும்பு முறிந்து பதினோரு வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்தப் பதினோரு வருடமும் இவர் ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை, வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு டியூட்டி.

பூங்கா கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். பதினெட்டு மண்டபத்தில் மூன்று திறந்திருந்தது. ஓடிய ராட்டினம் ஒன்றே ஒன்று. சனி, ஞாயிறில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். மற்ற நாளில் நாய் கூட்டி வரும் கிழவர்கள். நகராட்சி அனுப்பிய மேலாளர் ஹாம் மார்ச் மாதமே சொல்லிவிட்டார்: மே ஐந்தாம் தேதி குழந்தைகள் தினத்தன்று எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள்; கூட்டம் வந்தால் இன்னும் இரண்டு வருடம், வராவிட்டால் கோடையோடு சரி.

ஏப்ரலில் பருவம் தொடங்கும்போது ராட்டினத்துக்குப் பூஜை போடுவோம். அறிவியல் பூங்காவில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். திறந்த வருடம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெரிய விஞ்ஞானியே கோட்டுப் போட்டுக்கொண்டு, அவித்த பன்றித்தலை முன்னால் நெற்றி தரையில் படக் கும்பிட்டவர். பன்றி சிரித்த முகமாக இருக்க வேண்டும். அதன் வாயில் ஆளாளுக்கு நோட்டைச் செருகி, அரிசிக் கள்ளைத் தூணைச் சுற்றி ஊற்றி, கடைசியில் காய்ந்த மீன் ஒன்றை வெள்ளை நூலால் சுற்றி ராட்டினத்தின் காலில் கட்டுவோம். மீன் கண் மூடாது, காவல் இருக்கும். கட்டியதை அவிழ்க்கக் கூடாது. அடுத்த வருட மீனை அதன் மேலேயே கட்ட வேண்டும்.

இப்படி முப்பத்தாறு வருடம். ஏறும் மேடைக்கு மேலே, கால்கள் வந்து சேரும் இணைப்புத் தகட்டில், சாக்கு மூட்டை கணக்கில் மீனும் நூலும் தொங்கின. வர்ணம் அடிக்க வந்தவர்கள் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள். வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்தவர்களும் நம் மண்ணின் மைந்தர்கள்தானே, சுற்றித் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். காக்காய் கொத்துகிறது என்று ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒருவன் அந்த மூட்டையைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டினான். அந்த ஒருவன் நான்.

யேஜின் அம்மா தேவாலயத்துக்குப் போகிறவர். பன்றி முன்னால் குனிய மாட்டார். முப்பத்தாறு பூஜையிலும் கள் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார், எல்லாருக்கும் அரிசிப் பணியாரம் அறுத்துக் கொடுத்தார், தான் தொடவில்லை. தின்பண்டக் கடை வைத்திருந்த கோங் ஒவ்வொரு வருடமும் அதே கிண்டலைச் செய்வான்.

"ஏங்க யேஜின் அம்மா, நீங்க ஒரு கும்பிடு போட்டா உங்க சாமி பன்னிமேல பொறாமைப்படுமா?"

"பன்னிமேல படாது. நீ குனியறப்ப பின்னாடி கிழிஞ்சிருக்கே பேன்ட்டு, அதப் பாத்துத்தான் பயப்படும்."

எல்லாரும் சிரிப்போம். ஆனால் ஏதாவது ஒரு மோட்டார் புகைந்தால், ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால், "ஒருத்தி குனியலன்னா இப்படித்தான்" என்று அவர் காதில் விழாமல் பேசிக்கொள்வோம். அவர் காதில் விழத்தான் செய்திருக்கும்.

மே இரண்டாம் தேதி காலையில் விண்வெளி மண்டபத்தின் பின்னால் இரண்டு பெண்கள் வேலி ஏறிக் குதித்தார்கள். இப்போது இது ஒரு பழக்கம். கைவிட்ட இடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள். மண்டபங்களைத் திறந்து ஒழுகலுக்கு வாளி மாற்றுவது யேஜின் அம்மாவின் காலை வேலை. அவர் கதவைத் திறந்தபோது ஒருத்தி விண்வெளி வீரரின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம்.

"எந்திரிம்மா. அடியில கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. முன்வாசல்ல வந்தா டிக்கெட்டு மூவாயிரம் வோன். இப்படி வந்தா ஊசி போட அதுக்கு மேல ஆகும்."

தோயோன் என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர், சியோல்காரி. குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டதில் இடுப்பே ஒடிந்திருக்கும். விரட்டியிருக்கலாம். அவரோ சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு, "வந்தது வந்துட்டீங்க, ஒழுங்காப் பாருங்க," என்று ஒவ்வொரு மண்டபமாகத் திறந்து காட்டினார். மூடிக் கிடந்தவற்றை முழுதாகச் சுற்றிக் காட்டியது அதுதான் கடைசித் தடவை. நான் வாளி தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கடலடி நகரத்தில் கூரை ஒழுகி முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. "திறந்த காலத்துல இங்க தண்ணியே கிடையாது, வெறும் நீல விளக்குதான். இப்பத்தான் நிஜக் கடல்," என்றார். தவளை ஒன்று கத்தியது. எதிர்காலச் சமையலறையில் அலுமினியச் சுவர்கள் கறுத்துப் போயிருந்தன. மாத்திரை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் அவருடைய நூடுல்ஸ் பாத்திரமும் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவும் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டை அவர் அங்கேதான் சாப்பிடுவார், காற்று வராது என்று. தோதோரி ஒரு பக்கமாகக் குனிந்தபடி நின்றது. அதன் இடுப்பு ஐந்து வருடத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. எனக்கு நிமிர்த்தத் தெரியவில்லை. அதன் முன்னால் நின்று யேஜின் அம்மா அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தைத் தட்டாமல் ஒப்பித்தார். பழைய குரலிலேயே. அந்தப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

"சித்தி, இத்தனை வருஷம் ஒரே இடத்துல போரடிக்கலையா?"

"போரடிக்க நேரம் எங்க இருந்துச்சு."

வெளியே வந்ததும் தோயோன் தன் பெரிய காமிராவை ராட்டினத்தின் பக்கம் திருப்பினாள். மீன் மூட்டையைக் கிட்டத்தில் இழுத்துப் படம் எடுத்து யேஜின் அம்மாவுக்குக் காட்டினாள். "இதென்ன சித்தி, மீனா? அழுவுற மாதிரி இருக்கு." சின்னத் திரையில் பிளாஸ்டிக்கின் அடியிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு வழிந்து தூணின் மேல் இறங்கியிருந்தது. தரையிலிருந்து பார்த்தால் வர்ணத்தின் நிழல் போலத்தான் தெரியும். யேஜின் அம்மா கண்ணாடியை மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தார். "மேஸ்திரி, உள்ள துரு இருக்கு. மூட்டையை அவுத்துப் பாருங்க."

"மேல்துருவா இருக்கும். குழந்தைகள் தினம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"பாத்துருவீங்கல்ல?"

"பாத்துருவேன்னு சொல்றேன்ல."

பார்த்திருக்க வேண்டும். எனக்கு அந்த மூட்டையைத் தொடப் பயம். சிரிப்பவர்கள் சிரியுங்கள். என் மாமா ஒருவர் படகில் கட்டியிருந்த மீனை அவிழ்த்துப் போட்டு அதே வாரம் கடலில் மூழ்கிப் போனவர். இன்னொரு பயமும் இருந்தது, அது அதைவிடக் கேவலமானது. உள்ளே துரு இருந்தால் அந்தத் தாளைச் சுற்றியவன் யார் என்ற கேள்வி வரும்.

மே ஐந்தாம் தேதி காலை ஒன்பதரைக்கெல்லாம் வாசலில் வரிசை நின்றது. பத்து வருடமாக அப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை. தலையில் தோதோரி காது மாட்டிய பிள்ளைகள், பாய் சுருட்டிக்கொண்டு வந்த அப்பாக்கள். ஹாம் வாசலுக்கும் அலுவலகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் பல். யேஜின் அம்மாவுக்கு வேண்டியிருந்த ஒன்றரை வருடம் வாசலுக்கு வெளியே வந்து நின்றது என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் மேடைக்குப் போனபோது அவர் ஒரு பிளாஸ்டிக் முக்காலி மேல் ஏறி நின்றிருந்தார். கையில் சமையல் கத்தரி, கிம்ச்சி நறுக்குவது.

"யேஜின் அம்மா, கை வைக்காதீங்க."

"நீங்க மூணு நாளா வைக்கல. யாராவது வைக்கணும்ல."

"இன்னைக்கு வேணாம். கூட்டத்தப் பாத்தீங்களா? இன்னைக்கு ஒரு நாள் ஓடிட்டா உங்களுக்கு நவம்பர் வரைக்கும் கவலை இல்ல."

"பாத்தேன். அதான் இப்பவே ஏறுனேன்."

கம்பியை முறுக்கி அவிழ்த்து, தாளை வெட்டினார். ஒரு வாளித் தண்ணீர் கறுப்பாகக் கொட்டியது. அத்தனை வருட மழையையும் நூல் குடித்து வைத்திருந்தது, வெளியே போகவிடாமல் என் பிளாஸ்டிக். மீன்கள் கூழாகி மேடையில் விழுந்தன. அடியில் தகடு இருந்த இடத்தில் அடுக்கடுக்காகப் பழுப்பு. விரல் கனத் தகடு அது, நானே வருடா வருடம் குறிப்பேட்டில் எழுதியது. அவர் கத்தரியின் முனையை வைத்து அழுத்தினார். அப்பளத்தில் இறங்குவது போல இறங்கியது.

அவர் முக்காலியிலிருந்து மெதுவாக, ஒவ்வொரு காலாக இறங்கினார். கையைக்கூடக் கழுவாமல் கவுண்டருக்குப் போய் ஒலிபெருக்கியைப் போட்டார். "அன்பார்ந்த பார்வையாளர்களே, அணு ராட்டினம் இன்று இயங்காது. தயவுசெய்து மன்னிக்கவும்." வழிகாட்டிக் குரல். ஒரு நடுக்கமும் இல்லை.

ஹாம் ஓடிவந்தார். "யாரு சொல்லச் சொன்னா? மெதுவா ஓட்டுவோம். பாதிப் பெட்டிய மட்டும் ஏத்துவோம். மேஸ்திரி, ஓடுமா, ஓடாதா?"

அந்த ஓட்டையைப் பார்த்த பிறகு பொய் சொல்ல நாக்கு புரளவில்லை. "ஓட்ட முடியாது," என்றேன். அந்த அளவுக்குத்தான் என் யோக்கியம்.

ராட்டினம் இல்லாத பூங்காவில் பத்தரைக்குள் பாதி வரிசை கலைந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டே போனார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. "முப்பத்தாறு வருஷம் குனியாதவ, கடைசில அறுத்தும் போட்டுட்டா. விளங்குமா?" என்றான் கோங், இந்த முறை அவர் காதில் விழும்படியே. ஹாம் படித்தவர், மீன் கதை பேச மாட்டார். அவர் எங்கள் நடுவில் நின்று, கையில் அட்டையை வைத்துக்கொண்டு கேட்டார். "அந்த மேடையச் சுத்தம் பண்றது யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதான்," என்றார் யேஜின் அம்மா.

"அப்ப இந்த மூட்டையும் உங்க கணக்குலதான் வருது. பிளாஸ்டிக் யாரு சுத்துனது?"

கோங்குக்குத் தெரியும், அவன்தான் அன்றைக்கு முக்காலியைப் பிடித்தவன். யேஜின் அம்மாவுக்குத் தெரியும், தாளை அவர் பார்த்துக்கொண்ட ஸ்டோரிலிருந்துதான் வாங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் மேடையில் கிடந்த மீன் கூழைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹாம், 'துப்புரவுப் பணியில் அலட்சியம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

ஜூன் கடைசியில் பூங்காவை மூடினார்கள். ஓய்வு என்ற சொல் யேஜின் அம்மாவுக்குக் கொடுத்த பணி முடிவுத் தாளில் இல்லை. ஒப்பந்தம் முடிவு என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அது எப்போதும் உள்ளதுதான்.

ஜூலையில், ராட்டினத்தைப் பிரிக்க வந்த பொறியாளர் ஒருவரைச் சந்தையில் பார்த்தேன். அந்தத் தகட்டை ஆய்வுக்கு எடுத்துப் போனவர். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் யேஜின் அம்மாவைத் தேடிப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எலும்புச் சூப்புக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவுகிறார். மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, பின்வாசலில் முக்காலி போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முழங்காலில் ஒரு பட்டை கட்டியிருந்தது.

"வாங்க மேஸ்திரி. மெலிஞ்சுட்டீங்க."

"அன்னைக்கு நான் வாயத் திறக்கல," என்றேன்.

"தெரியும். நானும் அங்கதானே நின்னேன்."

சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பொறியாளர் சொன்னதைச் சொன்னேன். "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கியிருந்தாலும் தாங்கியிருக்குமாம். அன்னைக்கு மத்தியானமே விட்டிருந்தாலும் விட்டிருக்குமாம். சொல்ல முடியாதுங்கிறார்."

அவர் கை நின்றது. "ரெண்டு வருஷமா?"

"தாங்குனா."

"எனக்கு ஒன்றரைதான் வேண்டியிருந்துச்சு."

உள்ளே யாரோ பாத்திரம் குவிந்துவிட்டது என்று அவரைக் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லி அல்ல, "பாத்திரக்காரம்மா" என்று. வருகிறேன் என்று குரல் கொடுத்தார், எழவில்லை.

"அப்படியே விட்டிருக்கலாமோன்னு தோணுதா?" என்று கேட்டேன்.

"தோணும். இந்தக் கால் வலிக்கிற அன்னைக்கெல்லாம் தோணும்." ஒரு பல் பூண்டை உரித்துப் போட்டார். "ஆனா மேஸ்திரி, டிக்கெட்டு கிழிச்சுக் குடுக்கிறது நான்தானே. ஒவ்வொரு பிள்ளையும் ஏறி எறங்குற வரைக்கும் மேலயே பாத்துக்கிட்டு நிக்கணும். ஒன்றரை வருஷம் அப்படி நிக்க என்னால ஆகாது. நான் ரொம்பக் களைச்சுட்டேன்."

சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் துருவைச் சொன்ன நாளிலிருந்து அறுத்த நாள் வரைக்கும் அந்த ராட்டினத்தை ஓட்டியவன் நான். எத்தனையோ பிள்ளைகளை ஏற்றி இறக்கினேன். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.